கிறைஸ்ட், செயின்ட் ஜோசப்ஸ், லயோலா, திருச்சி: கற்பித்தலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாட்களில், பொறியியலும் மருத்துவமும் வேண்டாம், கலை அறிவியலே போதும் என்று தீர்மானித்த வீடுகளில் பேச்சு பெரும்பாலும் நான்கு பெயர்களைச் சுற்றியே நடக்கிறது: பெங்களூரு கிறைஸ்ட், பெங்களூரு செயின்ட் ஜோசப்ஸ், சென்னை லயோலா, திருச்சி செயின்ட் ஜோசப்ஸ். நான்கையும் நடத்துபவர்கள் கத்தோலிக்கத் துறவற சபையினர். “ஃபாதர் காலேஜ், கண்டிப்பாக இருப்பார்கள், பிள்ளை கெட்டுப்போகாது” என்று நான்குக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் கொடுத்துவிடுவது நம் வழக்கம். கண்டிப்பு இருப்பது உண்மையே. ஆனால் வருகைப்பதிவைக் கறாராக எடுக்கும் இடத்தில் பாடமும் நன்றாக நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. மூன்று ஆண்டுகளும், சில குடும்பங்களுக்குப் பல லட்ச ரூபாயும் அடங்கிய முடிவு என்பதால், கட்டடம், விழா, புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பட்டியல் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, வகுப்பறையிலும் விடைத்தாளிலும் என்ன நடக்கிறது என்பதையே முதன்மையாகக் கொண்டு இவற்றை ஒப்பிட விரும்புகிறேன்.

சட்டப்படி இவை யார்?

நான்கும் ஒரே வகை நிறுவனங்கள் அல்ல. கிறைஸ்ட், கேரளத்தில் புனித சாவரா குரியாக்கோஸ் எலியாஸ் உள்ளிட்ட மூவர் 1831இல் தொடங்கிய சி.எம்.ஐ. சபையினரால் 1969இல் ஓசூர் சாலையில் கல்லூரியாக நிறுவப்பட்டது. 2004இல் தன்னாட்சி பெற்று, 2008இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பெங்களூரு செயின்ட் ஜோசப்ஸ் 1882இல் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் தொடங்கி, 1937இல் இயேசு சபையினர் கைக்கு வந்த பழைய கல்லூரி. கர்நாடக மாநிலச் சட்டம் ஒன்றின் வழியாகப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 2022 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவால் தொடங்கிவைக்கப்பட்டது. லயோலாவும் (1925) திருச்சி செயின்ட் ஜோசப்ஸும் (1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறியது) இயேசு சபையினரின் கல்லூரிகள். இரண்டுமே 1978இல் தன்னாட்சி பெற்றன. பட்டத்தை முறையே சென்னைப் பல்கலைக்கழகமும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் வழங்குகின்றன.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி ஒரு சொல். பெங்களூரு பிரிகேட் சாலையில் உள்ள செயின்ட் ஜோசப்ஸ் வணிகவியல் கல்லூரி, லாங்ஃபோர்டு சாலைப் பக்கம் உள்ள செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வேறான நிறுவனம். பி.காம். படிக்க விரும்புகிறவர்கள் எந்த நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிரப்புகிறோம் என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகம் என்ற தகுதியால் மாணவருக்கு என்ன மாறுகிறது என்று கேட்டால், முக்கியமாகப் பாடத்திட்டத்தை மாற்றும் வேகம் மாறுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் புதிய பட்டப்படிப்பையே தானாகத் தொடங்கலாம். இரண்டு துறைகளை இணைத்து ஒரு படிப்பை வடிவமைக்கலாம். பட்டத்தையும் தானே கொடுக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியும் பாடத்திட்டத்தைத் தானே எழுதுகிறது, கேள்வித்தாளைத் தானே அமைக்கிறது என்றாலும், அதன் பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி அமர்ந்திருப்பார். மாநில உயர்கல்விச் சட்டகத்துக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். இந்தப் பிணைப்பை ஒரு குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அடிக்கடி மாறும் பாடத்திட்டத்தில் முதல் தொகுதி மாணவர்களே சோதனைக்கு உட்படுகிறார்கள். ஆசிரியரும் அந்தத் தாளை முதன்முறையாக நடத்துகிறார். நிலையான பாடத்திட்டத்தைப் பத்து ஆண்டுகளாக நடத்திய ஆசிரியருக்கு, மாணவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது முன்பே தெரியும்.

தரவரிசை சொல்லாதது

பெற்றோர் முதலில் கையில் எடுப்பது மத்தியக் கல்வி அமைச்சின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை. 2017இல் கல்லூரிகளுக்கெனத் தனிப் பட்டியல் முதன்முறையாக வந்தபோது லயோலா நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தது. கிறைஸ்டோ பல்கலைக்கழகப் பட்டியலில் வருகிறது. ஆகவே, ‘லயோலாவின் எண் சிறியது, கிறைஸ்டின் எண் பெரியது’ என்ற ஒப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை. இரண்டும் வெவ்வேறு பந்தயங்களில் ஓடுகின்றன. கல்லூரிப் பட்டியலில் கற்பித்தலும் வளங்களும் என்ற கூறுக்கு 40 சதவீத எடை தரப்படுகிறது. பல்கலைக்கழகப் பட்டியலில் அதற்கு 30 சதவீதமே, ஆய்வுக்கும் அதே 30 சதவீதம். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ (NAAC) அமைப்பின் மதிப்பீட்டிலும் இதே போக்கைக் காணலாம்: ஆயிரம் மதிப்பெண்ணில் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்ற அளவுகோலுக்குப் பல்கலைக்கழகங்களில் 200, தன்னாட்சிக் கல்லூரிகளில் 300, பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே பின்பற்றும் இணைவுக் கல்லூரிகளில் 350.

இதைவிட முக்கியமானது, ‘கற்பித்தல்’ என்ற தலைப்பின்கீழ் எதை அளக்கிறார்கள் என்பது. மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்–மாணவர் விகிதம், எத்தனை ஆசிரியர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள், எத்தனை ஆண்டு அனுபவம், எவ்வளவு செலவிடப்படுகிறது என்பனவே என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் எண்ணாக மாறுகின்றன. ஒருவர் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து ஒரு மணி நேரம் பாடத்தைக் கேட்டு அந்த எண் உருவாவதில்லை. அதனால் பட்டியலை ஒரு வாசலாக மட்டும் பயன்படுத்துங்கள் என்றே நான் சொல்வேன்; அதைக் கடந்து உள்ளே பார்க்க வேண்டிய வேலை பெற்றோருக்கும் மாணவருக்கும் மிச்சமிருக்கிறது.

விடைத்தாள் யார் கையால் திரும்புகிறது?

ஒரு பட்டப்படிப்பின் கற்பித்தல் தரத்தை வெளியாள் ஒருவர் நம்பகமாக அறிந்துகொள்ளும் வழி, அங்கே படிக்கும் மாணவரின் உள்தேர்வு விடைத்தாளை வாங்கிப் பார்ப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. இருவேறு கல்லூரிகளில் முதலாண்டு பொருளியல் படித்த இரு மாணவர்களின் தாள்களை ஒருமுறை அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் தேவைக் கோடு பற்றிய ஒரே மாதிரியான கேள்வி. இரண்டு மாணவர்களும் ஒரே தவற்றைச் செய்திருந்தார்கள். பொருளின் விலை ஏறியதற்குக் கோட்டையே இடப்பக்கம் நகர்த்தி வரைந்திருந்தார்கள். முதல் தாளில் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ‘4’ என்ற சிவப்பு எண், முன்பக்கத்தில் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். இரண்டாவது தாளில் அந்த வரைபடத்தின் ஓரத்தில் ஆசிரியர் ஓர் அம்புக்குறி இட்டு, “கோடு நகர்கிறதா, கோட்டின்மேல் நகர்கிறோமா? வருமானம் மாறினால் என்ன ஆகும் என்று வரைந்து கொண்டுவா” என்று எழுதியிருந்தார். அதே தாளின் பின்பக்கத்தில் மாணவர் மறுபடி வரைந்த படமும், அதன்கீழ் ஆசிரியரின் சுருக்கொப்பமும் இருந்தன. அந்த ஒரு வரியை எழுத ஆசிரியருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அறுபது, எழுபது தாள்களில் அதைச் செய்வதற்கு அவருக்கு நேரம் இருக்க வேண்டும், மனம் இருக்க வேண்டும், அதைச் செய்ததற்காக நிர்வாகம் அவரை மதிக்கவும் வேண்டும். நான்கு நிறுவனங்களையும் இந்தக் கண்ணாடி வழியாகவே பார்க்கச் சொல்கிறேன்.

கிறைஸ்டின் முறை தொடர் மதிப்பீட்டை அச்சாகக் கொண்டது. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு தாளுக்கும் சி.ஐ.ஏ. என்று மாணவர்கள் சொல்லும் அக மதிப்பீடு கட்டம் கட்டமாக வருகிறது; நடுவில் இடைப்பருவத் தேர்வு, முடிவில் பருவத் தேர்வு. வருகை 85 சதவீதம் இருந்தாக வேண்டும் என்பது அங்கே ஏட்டளவில் நிற்கும் விதி அல்ல. கட்டுரை, விளக்கக்காட்சி, குழுப்பணி, களப்பணி அறிக்கை என்று ஏதோ ஒன்றை ஒப்படைக்க வேண்டிய நாள் எப்போதும் அருகிலேயே இருக்கும். பள்ளிக்கூடத்தில் வீட்டில் யாரேனும் உட்காரவைத்தால் மட்டுமே படித்த பிள்ளைக்கு, வெளியூரில் தனியாக வந்து இறங்கிய முதல் ஆண்டில், இந்த அமைப்பு பெரிய துணை. பருவத் தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் எல்லாவற்றையும் விழுங்கிவிடலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. அரியர் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் திடீரென்று வீட்டுக்குத் தெரியவரும் விபத்துகள் இப்படிப்பட்ட முறையில் குறைவு.

அதே முறையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாரம் முழுவதும் ஒப்படைப்புகளால் துண்டுபடும்போது, யாரும் கேட்காத ஒரு புத்தகத்தை நூலகத்தில் எடுத்து மூன்று நாள் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு சுருங்குகிறது. வேலை எப்போதும் இருக்கிறது. ஆழம் எப்போதும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. குழுப்பணியில் நால்வர் செய்ய வேண்டியதை இருவர் செய்வதும் எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பதுதான். தானாகப் படிக்கிற, ஒரு துறையில் ஏற்கெனவே தீராத ஆர்வம் கொண்ட மாணவருக்கு இந்த நெருக்கம் மூச்சுமுட்டலாம். அப்படிப்பட்டவர்கள் விண்ணப்பிக்கும் முன் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம், “கடந்த மாதம் பாடத்துக்கு வெளியே என்ன படித்தாய்?” என்று கேட்டுப் பார்க்கட்டும். வேறெந்த விளம்பரக் கையேட்டையும்விட அந்த விடை பயன்படும்.

இயேசு சபையினரின் மூன்று நிறுவனங்களுக்கும் பின்னால் நீண்ட கற்பித்தல் மரபு ஒன்று உண்டு. 1599இல் அச்சபை தன் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான கல்வித் திட்டம் ஒன்றை வகுத்தது. நடத்திய பாடத்தை அன்றன்றே மாணவர் திருப்பிச் சொல்லுதல், இரு தரப்பாகப் பிரிந்து வாதிடுதல், ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே அறிந்திருத்தல் என்பன அதன் தூண்கள். நானூறு ஆண்டுக்கு முந்தைய ஏட்டை வைத்து இன்றைய நுங்கம்பாக்கத்து வகுப்பறையை அளக்க முடியாதுதான். இருப்பினும் அந்த மரபின் சாயலை நல்ல துறைகளில் இன்றும் காணலாம்: ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் ஒப்படைப்பது, உள்தேர்வுத் தாளை வகுப்பிலேயே திருப்பிக் கொடுத்து அலசுவது, பலவீனமான மாணவருக்குத் தனி வகுப்பு வைப்பது. தமிழ்நாட்டில் இணைவுக் கல்லூரிகளின் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பொதுக் கேள்வித்தாளை எழுதும்போது, தன்னாட்சிக் கல்லூரியில் பாடம் நடத்தியவரின் துறையே தேர்வையும் நடத்துகிறது. நல்ல ஆசிரியர் கையில் இது பெரும் சுதந்திரம். சோர்ந்த ஆசிரியர் கையில், நடத்திய குறிப்பையே கேள்வியாகக் கேட்டு, அதே குறிப்பையே விடையாக வாங்கும் சுருக்கு வழியாகவும் இது ஆகிவிடக்கூடும். கடந்த மூன்று ஆண்டுக் கேள்வித்தாள்களை எடுத்து அடுக்கிப் பார்த்தால், எந்தத் துறை எந்த வழியில் போகிறது என்பது ஒரு மாலை நேரத்தில் புரிந்துவிடும்.

ஆசிரியர் யார், எவ்வளவு காலம் இருப்பார்?

யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறை, உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும் அதற்கு மேற்பட்ட நிலையினருக்கு 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தலாக வகுத்திருக்கிறது. இதற்கு மேல் ஏற்றப்படும் ஒவ்வொரு மணி நேரமும் நான் மேலே சொன்ன அம்புக்குறியைத்தான் பலி கொள்கிறது. எனவே துறைக்குப் போகும்போது, அங்குள்ள ஆசிரியர்களின் கால அட்டவணையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பல துறைகளில் அதைச் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதோடு இன்னொரு பிரிவினை சேர்கிறது. லயோலாவிலும் திருச்சியிலும் காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்ட் உண்டு; அரசு உதவிபெறும் படிப்புகளும் சுயநிதிப் படிப்புகளும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. உதவிபெறும் பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. அவர்களில் பலர் ஓய்வுபெறும்வரை அதே துறையில் இருப்பார்கள். சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் ஊதியம் நிர்வாகத்தின் பொறுப்பு. இளம் ஆசிரியர்கள் உற்சாகமாக நடத்துவார்கள், ஆனால் வேறு இடத்தில் நிரந்தரப் பணி கிடைத்தால் ஆண்டு நடுவிலும் போய்விடக்கூடும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கல்லூரியின் பெயர் ஒன்றாக இருந்தாலும், பி.காம். உதவிபெறும் பிரிவும் பி.காம். சுயநிதிப் பிரிவும் இரண்டு தனித்தனித் தெரிவுகள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லயோலாவில் இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து சொல்லும் பிள்ளையிடம் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஷிப்ட் என்பதுதான்.

பெங்களூருப் பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் இந்த இரட்டைத் தன்மை இவ்வளவு வெளிப்படையாக இல்லை. கிறைஸ்டைப் பொறுத்தவரை வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: ஓசூர் சாலை மைய வளாகம், பன்னேருகட்டா சாலை, கெங்கேரி, யஷ்வந்த்பூர் என்று நகரத்துக்குள்ளேயே பல வளாகங்கள், அதற்கு வெளியே தில்லி அருகிலும் புனே அருகே லவாசாவிலும் வளாகங்கள். பழைய மாணவர்களின் புகழ்மொழி பெரும்பாலும் மைய வளாகத்தைப் பற்றியது. சேர்க்கைக் கடிதத்தில் எந்த வளாகம் என்று எழுதியிருக்கிறதோ, அந்த வளாகத்து ஆசிரியர்களைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும்.

எதைப் படிப்பது, எந்த மொழியில்

தமிழ்நாட்டில் ஒரு மெயின், அதற்குத் துணையாக அலைடு என்பதே பட்டப்படிப்பின் உருவம். பெங்களூரு மரபு வேறு: இயற்பியல், வேதியியல், கணிதம் என்றோ, பொருளியல், அரசியல், சமூகவியல் என்றோ இரண்டு மூன்று பாடங்களைச் சம எடையில் படிக்கும் சேர்க்கைகள் அங்கே நெடுங்காலமாக உள்ளன. பதினேழு வயதில் இன்ன துறைதான் என்று தீர்மானிக்க முடியாத பிள்ளைக்கு இது நல்லது. உளவியலும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் மாணவருக்குக் கிறைஸ்டில் கிடைக்கும் வழி சென்னையில் எளிதில் கிடைக்காது. அடிப்படை அறிவியலில் பல பாடங்களையும் கைவிடாமல் முதுகலை வரை போக நினைப்பவருக்குப் பெங்களூரு செயின்ட் ஜோசப்ஸின் மரபு பொருத்தம். ஒரே துறையில் ஆழமாக இறங்க விரும்புகிறவருக்குத் தமிழ்நாட்டு முறையே நேர்வழி.

திருச்சி தாவரவியலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரி வளாகத்தில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967இல் நிறுவிய ராபினட் உலர்தாவரகம் இருக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் சேகரித்த செடிகளை அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, சேகரித்த இடமும் நாளும் எழுதி அடுக்கிவைத்த களஞ்சியம் அது. தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய மேத்யூவின் பெரும் ஆய்வுத் தொகுதிகளுக்கு அந்தச் சேகரிப்பே அடித்தளம். ஒரு குடும்பத் தாவரத்தின் பூவமைப்பைக் கரும்பலகைப் படத்தில் பார்ப்பதற்கும், அதே செடி கொல்லிமலையில் ஒன்றும் சமவெளியில் ஒன்றுமாக எப்படி வேறுபட்டு வளர்ந்திருக்கிறது என்று இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை எந்தத் தரவரிசை எண்ணும் காட்டாது. தாவரவியலில் உண்மையான நாட்டமுள்ள ஒரு மாணவர், மலைக்கோட்டை நிழலில் உள்ள இந்தக் கல்லூரியை விட்டுவிட்டுப் பெருநகரப் பெயருக்காக வேறிடம் போவது எனக்கு வருத்தம் தரும்.

பட்டத்தின் கால அளவையும் கேட்டுத் தெளிய வேண்டும். தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. கர்நாடக அரசு 2021இல் நான்காண்டு முறைக்குப் போய், 2024இல் மூன்றாண்டுக்குத் திரும்பியது. கிறைஸ்ட் போன்ற நிகர்நிலை நிறுவனம் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நான்காண்டு ஆனர்ஸ் படிப்புகளைத் தனியே நடத்துகிறது. நான்காவது ஆண்டு ஆராய்ச்சிக்குப் போகிறவருக்குப் பயன்படும்; மற்றவர்களுக்கு அது இன்னோர் ஆண்டுக் கட்டணம்.

மொழி விஷயத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு பெரிய வலிமை இருக்கிறது. பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் என்ற ஏற்பாட்டில், இயற்பியல் மாணவரும் சில பருவங்கள் சங்கப் பாடலையும் சிறுகதையையும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார். 1578இல் கொல்லத்தில் தமிழ் நூலை அச்சேற்றிய காலம்தொட்டு வீரமாமுனிவர் வழியாக வரும் இயேசு சபையினரின் தமிழ்ப்பற்று, இக்கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்வழியில் படித்துவந்த முதல் தலைமுறை மாணவர், முதல் ஆண்டில் ஐயத்தைத் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விளக்கம் பெற்று, பிறகு ஆங்கில விடைக்கு மாறிக்கொள்ள முடிகிறது. பெங்களூருவில் வகுப்பு, நண்பர்கள், விடுதி எல்லாமே ஆங்கிலம். ஏற்கெனவே ஆங்கிலத்தில் இலகுவாகப் பேசும் பிள்ளைக்கு அது மேலும் மெருகு கொடுக்கும். தயக்கமுள்ள பிள்ளைக்கு, பாடத்தோடும் மொழியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டும் முதல் ஆண்டு மிகக் கடினமானது. அங்கே தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு ஒடுங்கிப்போகும் பிள்ளைகள், உண்மையில் அறிவில் குறைந்தவர்கள் அல்லர்.

சமயம், சேவை

கிறிஸ்தவரல்லாத குடும்பங்கள் தயங்கிக் கேட்கும் கேள்விக்கு நேராகவே விடை சொல்லிவிடலாம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் எவரையும் அவர் சம்மதமின்றிச் சமயப் போதனையில் பங்குகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. நடைமுறையில் கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு விழுமியக் கல்வியும் தனித்தனியே நடக்கின்றன. வகுப்பில் பெரும்பான்மையினர் பொதுவாகக் கிறிஸ்தவரல்லாதவர்களே. 30ஆம் பிரிவின்படி சிறுபான்மை நிறுவனம் என்பதால் சேர்க்கையில் கத்தோலிக்க மாணவர்களுக்கு ஒதுக்கீடு இருக்கும். பொதுப்பிரிவில் எத்தனை இடம் மிஞ்சுகிறது என்பதை அறிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

சேவைப்பணி இந்நிறுவனங்கள் எல்லாவற்றிலும் படிப்போடு பின்னப்பட்டிருக்கிறது. லயோலாவில் அவுட்ரீச், திருச்சியில் ஷெப்பர்ட், கிறைஸ்டில் சமூகச் செயல்பாட்டு மையம் என்று அதற்குப் பெயர்கள். திருச்சி மாணவர்கள் துறைவாரியாகக் கிராமங்களுக்குப் போகிறார்கள். லயோலா மாணவர்கள் சென்னையின் குடிசைப் பகுதிகளுக்குப் போகிறார்கள். மதிப்பெண்ணுக்காக வருகையைப் பூர்த்திசெய்வதாக இது சுருங்கும் அபாயம் உண்டு. ஆனால் பொருளியல் மாணவர் ஒருவர், சுயஉதவிக் குழுவின் கடன் ஏட்டைக் கையில் வாங்கி வட்டியைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது, வகுப்பில் படித்த பாடம் வேறு விதமாக மனத்தில் நிற்கிறது. எந்தத் துறையாசிரியர் மாணவர்களோடு தானும் போகிறாரோ அங்கே இது கல்வி.

செலவும் என் தீர்ப்பும்

கிறைஸ்டில் ஆண்டுக் கட்டணமே லட்சத்தைத் தாண்டும் படிப்புகள் பல. விடுதி அல்லது பேயிங் கெஸ்ட், சாப்பாடு, பயணம் தனி. உதவிபெறும் பிரிவில் லயோலாவிலோ திருச்சியிலோ கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான். தமிழ்நாட்டில் படிப்பைத் தொடரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மகளிர் கல்லூரியையே விரும்பும் குடும்பங்களுக்கு, இதே தரத்தில் சென்னை ஸ்டெல்லா மாரிஸும் (1947) திருச்சி ஹோலி கிராஸும் (1923) இருக்கின்றன. இந்த ஒப்பீட்டில் தன்னாட்சிக் கல்லூரிகளைப் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

லயோலாவிலோ திருச்சியிலோ உதவிபெறும் பிரிவில் மாணவர் விரும்பிய பாடமே கிடைத்துவிட்டால், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணம் முதுகலைக்குப் பயன்படும். நிலையான ஆசிரியர்கள், குறைந்த செலவு, தமிழில் ஐயம் கேட்கும் வசதி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது அரிது. கடன் வாங்கித்தான் கிறைஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிலையில் பி.காம்., பி.ஏ. பொருளியல் போன்ற பொதுப் படிப்புகளுக்காக அப்படிச் செய்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். உளவியல், ஊடகம், ஐந்தாண்டுச் சட்டம் போன்றவற்றில், அல்லது இரு துறைச் சேர்க்கையில் பிள்ளைக்கு உறுதியான நாட்டம் இருந்து, குடும்பத்துக்கும் வசதி இருந்தால், கிறைஸ்ட் கட்டும் பணத்துக்கு ஈடான உழைப்பை மாணவரிடமிருந்து வாங்கிவிடும். தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்கும் அதன் கட்டுப்பாடு உதவும். தமிழ்நாட்டில் சுயநிதிப் பிரிவு மட்டுமே கிடைக்கிறது, பாடம் அறிவியல், பெங்களூருவில் தங்கும் செலவைத் தாங்க முடியும் என்றால், பெங்களூரு செயின்ட் ஜோசப்ஸை முதலிடத்தில் வைப்பேன்.

நடைமுறையில் இந்த ஒப்பீட்டைக் கெடுப்பது கால அட்டவணை. கிறைஸ்ட் தன் நுழைவுத்தேர்வையும் நேர்காணலையும் பிளஸ் டூ முடிவுக்கு முன்பே நடத்தத் தொடங்கி, இடத்தை உறுதிசெய்யக் கட்டணம் கட்டும் நாளையும் குறித்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் தேர்வுப் பட்டியல் முடிவுக்குப் பிறகுதான் வெளியாகும். அதனால் பல குடும்பங்கள் பதற்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, கட்டிய பணம் போய்விடுமே என்பதற்காகவே அங்கே அனுப்பிவிடுகின்றன. சேர்ந்தபின் விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி யுஜிசி 2018 அக்டோபரில் தெளிவான அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது; சேர்க்கையின் இறுதி நாளுக்கு எத்தனை நாள் முன்போ பின்போ விலகுகிறோம் என்பதைப் பொறுத்துத் திரும்பக் கிடைக்கும் பங்கு மாறும், அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனமும் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. பணம் கட்டும் அன்றே அந்த ஆண்டுக்கான கட்டணத் திருப்ப விதியையும் சேர்க்கையின் இறுதி நாளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லயோலா அல்லது திருச்சிப் பட்டியல் வெளியாகும் தேதியை அதற்குப் பக்கத்தில் எழுதிவைத்து, நடுவே உள்ள நாட்களில் மாணவரை அழைத்துக்கொண்டு இரண்டு துறைகளுக்கும் நேரில் போய், மூத்த மாணவர் ஒருவரிடம் கடந்த பருவத்து உள்தேர்வுத் தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடலாம்.